நாற்பதில் ஒன்று: ஒரு பாத்திரக் கடைக்காரரின் ஜகாத் கணக்கு

ரமலான் பிறை பார்ப்பதற்கு இரண்டு நாள் முன்பே எங்கள் பாத்திரக் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எடை போட ஆரம்பித்துவிடுவோம். எவர்சில்வர் குடம், தூக்குச் சட்டி, பித்தளை அண்டா, குத்துவிளக்கு என்று ஒவ்வொன்றாகத் தராசில் ஏறி இறங்கும். வாப்பா இருந்தவரை அவர் எடையைச் சொல்வார், நான் எழுதுவேன். இப்போது நான் சொல்கிறேன், மகன் எழுதுகிறான். வசதியுள்ள முஸ்லிம் வருஷத்துக்கு ஒருமுறை தன் சொத்தில் நாற்பதில் ஒன்றை, அதாவது இரண்டரை சதவீதத்தை, ஏழைகள் போன்றோருக்குக் கொடுக்க வேண்டிய கடமைதான் ஜகாத்; அதற்குத்தான் இந்தச் சரக்குக் கணக்கு. புதிதாகக் கடை போட்ட பையன்கள் நாலைந்து பேர் இதை எப்படிப் போடுவது என்று வருஷா வருஷம் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நாங்கள் ஹனஃபி மத்ஹப் (இஸ்லாமியச் சட்ட வழிகளில் ஒன்று). ஷாஃபி என்றால் சில இடங்களில் சட்டம் மாறும், உங்கள் ஊர் ஆலிம்சாவிடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு தேதியைப் பிடியுங்கள். பிறைத் தேதியாக இருக்க வேண்டும். எங்களுக்கு ரமலான் முதல் பிறை. ஆடிட்டர் மார்ச் 31-இல் கணக்கு முடிக்கிறாரே, அதையே வைத்துக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். பிறை வருஷத்துக்கு 354 நாள்தான், இங்கிலீஷ் வருஷத்தைவிட 11 நாள் குறைவு. மார்ச்சையே வைத்துக்கொண்டு போனால் 33 வருஷத்தில் ஒரு வருஷத்து ஜகாத் காணாமல் போயிருக்கும். அப்படித்தான் வைப்பேன் என்றால் இரண்டரை சதவீதத்துக்குப் பதில் 2.577 என்று போடுங்கள்.

அடுத்தது நிஸாப், அதாவது எவ்வளவு இருந்தால் கடமை என்ற கோடு. தங்கத்தில் 85 கிராம். நம் ஊர்ப் பேச்சில் கிட்டத்தட்ட 11 பவுன். வெள்ளியில் 595 கிராம். சில நூல்களில் தங்கம் சுமார் இரண்டு கிராமும் வெள்ளி பதினேழு கிராமும் கூடுதலாக இருக்கும். வெள்ளிக் கணக்கு ரொம்பச் சீக்கிரம் எட்டிவிடும், தங்கக் கணக்கு எட்டாது. எதை எடுப்பது என்று ஆலிம்களே இரண்டாகப் பிரிந்திருக்கிறார்கள். வாப்பா வெள்ளியைத்தான் பிடித்தார். “நம்மள ஏழைன்னு சொல்லிக்க எந்தக் கோடு தோதுப்படும்னு தேடாதே” என்பார்.

கணக்கு ரொம்ப எளிது. கல்லாவில் 40,000, பேங்கில் 1,10,000, சரக்கு 6,50,000, வர வேண்டிய நல்ல பாக்கி 60,000 என்று வையுங்கள். மொத்தம் 8,60,000. மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய 2,60,000-ஐக் கழித்தால் 6,00,000. அதில் நாற்பதில் ஒன்று 15,000. வீட்டுக் கடன் இருந்தால் முழுசாகக் கழித்துவிடாதீர்கள். வருகிற ஒரு வருஷத் தவணையை மட்டும் கழிக்கச் சொன்னார் எங்கள் ஹஜ்ரத். குடியிருக்கும் வீடு, டிவிஎஸ் வண்டி, கடை ரேக், தராசு இதற்கெல்லாம் ஜகாத் இல்லை.

சரக்கில்தான் எல்லாரும் சறுக்குவார்கள், நானும் சறுக்கினேன். எட்டு வருஷமாக மேல் பரணில் கிடந்த பித்தளை அண்டாக்களை வாங்கின விலைக்கே எழுதினேன். வாப்பா பேனாவை வாங்கி அடித்துவிட்டு, இன்றைக்குப் பித்தளை கிலோ என்ன விலை என்று போன் போட்டுக் கேட்கச் சொன்னார். அன்றைய சந்தை விலைதான் கணக்கு. விற்காத சரக்கும் சரக்குதான். அந்த அண்டாக்கள் மட்டும் கணக்கை ஆயிரத்துச் சொச்சம் ஏற்றின. வலித்தது, பொய் சொல்லவில்லை.

நகை விஷயம் வீட்டுக்கு வீடு சண்டை. ஹனஃபியில் போட்டிருக்கும் நகைக்கும் உண்டு. ஷாஃபியில் வழக்கமாக அணியும் நகைக்கு இல்லை, காசாகவோ கட்டியாகவோ பூட்டி வைத்தால் உண்டு. பெண்டாட்டி நகை பெண்டாட்டியின் சொத்து, ஜகாத்தும் அவள் கடமை. அவள் சம்மதித்தால் நீங்கள் கட்டலாம்.

யாருக்குக் கொடுப்பது? எட்டு வகையினரைக் குர்ஆனே சொல்லியிருக்கிறது. பெற்றோர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், மனைவிக்குக் கூடாது. கஷ்டப்படும் ராத்தா (அக்கா), தம்பி, மாமிக்குக் கொடுக்கலாம், அதுதான் முதலில். பள்ளிவாசல் கட்டடத்துக்கு இதிலிருந்து எடுக்காதீர்கள். கடையில் வேலை பார்க்கும் ஏழைப் பையனுக்குத் தரலாம், ஆனால் பெருநாள் போனஸை ஜகாத்தில் கழிப்பது ஏமாற்று. வராத பாக்கியைத் தள்ளிவிட்டு ‘இதுதான் என் ஜகாத்’ என்பதும் பெரும்பாலான அறிஞர்களிடம் செல்லாது. நோன்பு முடிவில் கொடுக்கும் ஃபித்ரா தர்மம் வேறு; தலைக்குச் சுமார் இரண்டரை கிலோ அரிசி, பெருநாள் தொழுகைக்கு முன் போய்ச் சேர வேண்டும்.

கொடுக்கும் முறைதான் எனக்குத் தாமதமாகப் புரிந்தது. கணக்கு என் கைக்கு வந்த முதல் வருஷம், அரிசி, எண்ணெய், பருப்பு என்று பை கட்டி, டோக்கன் அடித்து, கடை வாசலில் வரிசை நிறுத்தினேன். லுஹர் (மதியத் தொழுகை) முடிந்த பிறகு, நல்ல வெயில். நோன்பு வாயோடு அறுபது பேர். வரிசையில் பதினைந்தாவது ஆளாக, முந்தானையை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு அம்மா. எனக்கு ஓதக் கற்றுக்கொடுத்த உஸ்தாதின் மனைவி. என்னைப் பார்த்ததும் டோக்கனை மடக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டு வரிசையை விட்டுப் போய்விட்டார். சாயங்காலம் வாப்பா நோன்புக் கஞ்சியைக்கூடத் தொடவில்லை. “அவங்க பங்கை அவங்ககிட்ட கொண்டு போய்க் கொடுக்க உனக்குக் கால் இல்லையா?” என்று மட்டும் கேட்டார்.

அப்புறம் வரிசை கிடையாது. தராவீஹ் என்ற ரமலான் இரவுத் தொழுகை முடிந்து தெரு அடங்கியபின் வீட்டுக்குப் போகிறோம். பொருளாக இல்லாமல் பணமாகவே கொடுக்கிறோம். அவர்களுக்கு ஸ்கூல் பீஸ் இருக்கும், மாத்திரை இருக்கும். எதற்கென்று கேட்பதில்லை. நிய்யத் (கொடுக்கும் எண்ணம்) நம் மனசில் இருந்தால் போதும், ‘இது ஜகாத்’ என்று வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. கவரைக் கொடுக்கும்போது “மாமி, வாப்பா தரச் சொன்னாங்க” என்பேன். வாங்குகிறவர் என்னை நேராகப் பார்க்க முடியும்.

நோட்டு கட்டாயம் வேண்டும். சரக்கு, பாக்கி, கடன், அன்றைய வெள்ளி விலை எல்லாம் எழுதுங்கள். வாங்கியவர் பெயரை மட்டும் எழுதாதீர்கள். வாப்பா எழுதியதில்லை; தொகையை மட்டும் வரிசையாகப் போட்டு அடியில் கோடு இழுத்திருப்பார். அவர் மவுத்தான (இறந்த) வருஷம் நோட்டைத் திறந்தால் பதினொரு தொகை இருந்தது, ஒரு பெயர் இல்லை. உம்மாவுக்கு நாலு வீடு தெரிந்தது. ரமலான் முழுக்கத் தெருத்தெருவாக ஜாடையாக விசாரித்ததில் இன்னும் இரண்டு கிடைத்தது. மீதி ஐந்து வீடு எதுவென்று இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை.