லண்டன் – நியூயார்க்: வான்வழித் தூரமும் பயண நேரமும் கணக்கிடுவது எப்படி?

கையில் சைன், கோசைன் உள்ள கால்குலேட்டர் இருந்தால் போதும். போனில் இருப்பதே போதுமானது. படுக்கைவாட்டில் திருப்பினால் அந்தப் பொத்தான்கள் வரும்.

படி 1: இருப்பிட எண்கள்

நகரத்தின் நடுப்புள்ளியை எடுக்காதீர்கள், விமான நிலையத்தை எடுங்கள். லண்டனின் ஹீத்ரோ: அட்சரேகை வடக்கு 51.47, தீர்க்கரேகை மேற்கு 0.45 டிகிரி. நியூயார்க்கின் ஜேஎஃப்கே: வடக்கு 40.64, மேற்கு 73.78. இரண்டுமே மேற்கு என்பதால் தீர்க்கரேகைகளைக் கழிக்க வேண்டும்: 73.33. ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு என்றால் கூட்ட வேண்டும். புதிதாகப் போடுபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

படி 2: தூரம்

அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள்: 0.7823 × 0.6513 = 0.5095. பிறகு அவற்றின் கோசைன்களையும் 73.33-இன் கோசைனையும் பெருக்குங்கள்: 0.6229 × 0.7588 × 0.2869 = 0.1356. இரண்டையும் கூட்டினால் 0.6451. இதன் தலைகீழ் கோசைன் (cos⁻¹ பொத்தான்) 49.83 டிகிரி. டிகிரிக்கு 111.19 கி.மீ. வீதம், சுமார் 5,540 கி.மீ.

விடை பொருத்தமில்லாமல் வந்தால் கால்குலேட்டர் ரேடியனில் (கோணத்தின் வேறொரு அலகு) இருக்கலாம், டிகிரிக்கு மாற்றுங்கள். இணையதளங்கள் 10, 15 கி.மீ. கூடுதலாகக் காட்டினால் குழம்ப வேண்டாம். பூமி துருவங்களில் சற்றே தட்டையானது. நம் கணக்கு அதை முழு உருண்டையாக எடுத்துக்கொள்கிறது. மைலில் பார்ப்பவர்கள் கவனிக்கவும்: விமானத் துறையின் கடல் மைல் 1.852 கி.மீ., சாதாரண மைல் 1.609 கி.மீ.

படி 3: பறக்கும் நேரம்

தூரம் மாறாது, நேரம் காற்றைப் பொறுத்தது. வட அட்லாண்டிக்கில் ஜெட் காற்று (விமானம் பறக்கும் உயரத்தில் ஆறுபோல் ஓடும் பலத்த காற்று) மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது, குளிர்காலத்தில் இன்னும் பலமாக. விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ., காற்று 100 கி.மீ. என்று வையுங்கள். நியூயார்க் போகும்போது 5,540 ÷ 800, அதாவது 6 மணி 55 நிமிடம். திரும்பும்போது 5,540 ÷ 1,000, அதாவது 5 மணி 32 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, தரையிறங்கக் காத்திருப்பது எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேரம் சேருங்கள். கால அட்டவணையில் போக ஏறக்குறைய 8 மணி, வர 7 மணி என்று இருப்பது தாமதத்துக்கும் இடம் விட்டுப் போடுவதால்தான்.

காற்று எவ்வளவு உதவும் என்பதற்கு ஒரு சான்று: 2020 பிப்ரவரியில் கியாரா புயலின்போது ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747 விமானம், நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது.

படி 4: உள்ளூர் மணி

லண்டனைவிட நியூயார்க் பெரும்பாலும் 5 மணி நேரம் பின்தங்கியது. லண்டனில் காலை 11-க்குக் கிளம்பினால், 8 மணி நேரம் கழித்து லண்டனில் இரவு 7. நியூயார்க்கில் பிற்பகல் 2. அங்கே இரவு 7-க்குக் கிளம்பும் விமானம், 7 மணி நேரத்தில், மறுநாள் காலை 7-க்கு லண்டன் வரும். தேதி மாறுவதை மறந்து ஹோட்டலை ஒரு நாள் தவறாகப் பதிந்துவிடாதீர்கள்.

அமெரிக்கா கோடை நேரத்துக்கு (கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவது) மாறுவது மார்ச் இரண்டாம் ஞாயிறு, பிரிட்டன் மாறுவது கடைசி ஞாயிறு. இடைப்பட்ட வாரங்களில் வித்தியாசம் 4 மணிதான். அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரையும் அப்படியே.