தீம் பார்க்குக்கு ஸ்ட்ரோலர்: கையோடு கொண்டுபோவதா, வாடகைக்கு எடுப்பதா?

அமெரிக்காவுக்குக் குடிவந்த ஓரிரு வருடத்துக்குள் பல குடும்பங்கள் ஃப்ளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கோ கலிஃபோர்னியாவின் டிஸ்னிலாண்டுக்கோ கிளம்பிவிடுகின்றன. டிக்கெட், விடுதி, விமானம் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து முடிவு செய்பவர்கள் ஸ்ட்ரோலரை, அதாவது குழந்தையை உட்கார வைத்துத் தள்ளும் வண்டியை, மட்டும் கடைசி நாளுக்கு விட்டுவிடுகிறார்கள். ‘அங்கேயே வாடகைக்குக் கிடைக்குமாமே’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கிடைக்கும், உண்மைதான். ஆனால் பார்க்கில் எடுக்கும் வண்டியை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். உங்களோடு கார் வரைக்கும் அது வராது. இரவு பத்து மணிக்குத் தூங்கிவிட்ட 16 கிலோ குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது உங்கள் பாடு. அதனால் வாடகை எத்தனை டாலர் என்று பார்ப்பதற்கு முன், வாசலுக்கு வெளியே எவ்வளவு தூரம் என்று பாருங்கள். முடிவு பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.

வாசலுக்கு வெளியே உள்ள வழி

வால்ட் டிஸ்னி வேர்ல்டு இருக்கும் ஆர்லாண்டோவில் இந்தத் தூரம் மிக அதிகமாக இருப்பது அதன் மேஜிக் கிங்டம் பார்க்கில்தான். காரை நிறுத்தும் இடம் பார்க்கை ஒட்டி இல்லை. காரிலிருந்து நடந்தோ டிராமிலோ போக்குவரத்து மையத்துக்கு வர வேண்டும். அங்கிருந்து மோனோரயில் அல்லது படகில் ஏரியைத் தாண்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் பார்க்கின் வாசல். திரும்பும்போதும் இதே வழி. அதுவும் வாணவேடிக்கை முடிந்து கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் கிளம்பும் வேளையில். எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் மூன்றிலும் கார் நிறுத்தம் வாசலுக்கு முன்னாலேயே இருப்பதால் சிரமம் குறைவு. டிஸ்னிலாண்டு இருக்கும் அனாஹைமில் நிறையப் பேர் ஹார்பர் பூல்வார்டில் உள்ள விடுதிகளில் தங்கி நடந்தே போய் வருகிறார்கள். விடுதி எதிரிலேயே என்று தோன்றினாலும், நாள் முழுக்கச் சுற்றிய குழந்தைக்குக் கடைசிப் பதினைந்து நிமிடம் நடக்கத் தெம்பு இருக்காது.

வண்டியோடு ஏறும் முறை ஒவ்வொரு வாகனத்துக்கும் வேறு. மோனோரயிலிலும் பெரிய படகிலும் மடக்காமல் அப்படியே தள்ளிக்கொண்டு ஏறலாம். கார் நிறுத்தத்தில் ஓடும் டிராமில் மடக்கித்தான் ஏற்ற வேண்டும். விடுதிப் பேருந்துக்கும் மடக்கத் தயாராகவே நில்லுங்கள். 2019 செப்டம்பரில் திறந்த ஸ்கைலைனர் கம்பிவட ஊர்தியில் கதவுக்குள் நுழையும் அளவுள்ள வண்டியை அப்படியே உருட்டலாம். ஆகவே பேருந்தை நம்பித் தங்குபவர்களுக்கு மடக்கச் சிரமமான பெரிய வண்டி தினமும் தொந்தரவுதான்.

எந்த வயது வரை?

‘பையனுக்கு நாலரை வயசு, நல்லா நடப்பான்’ என்று வீட்டில் விட்டுவிட்டு வருபவர்கள் உண்டு. வீட்டருகே பூங்காவுக்கு நடப்பது வேறு. இங்கே பெரியவர்களே ஒரு நாளில் பத்து கிலோமீட்டருக்கு மேல் சுலபமாக நடந்துவிடுகிறார்கள். எப்காட்டில் நாடுகளின் அரங்குகள் உள்ள ஏரிச் சுற்று மட்டுமே ஏறத்தாழ 1.9 கிலோமீட்டர். ஐந்து, ஆறு வயதுக் குழந்தைக்கும் வண்டி வைத்துக்கொள்வதில் கூச்சமே வேண்டாம். அங்கே அந்த வயதுப் பிள்ளைகள் வண்டியில் உட்கார்ந்திருப்பது சர்வ சாதாரணம். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: உங்கள் வண்டியின் லேபிளில் எழுதியிருக்கும் எடை வரம்பு. பல வண்டிகளுக்கு அது 50 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 22.7 கிலோ. குடை போல மடங்கும் சில மெல்லிய மாடல்களுக்கு அதைவிடக் குறைவு.

பார்க்கின் வாடகை வண்டி

வால்ட் டிஸ்னி வேர்ல்டில் கிடைப்பது கெட்டியான பிளாஸ்டிக்கில் வார்த்த இருக்கை. சாயாது. அதனால் குழந்தை உட்கார்ந்தபடியே தூங்கித் தலை ஒரு பக்கம் தொங்கும். தலை நிற்காத கைக்குழந்தைக்கு இது ஆகவே ஆகாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஏறக்குறையப் படுக்கை போலச் சாயும் வண்டிதான் வேண்டும். ஒற்றை இருக்கைக்கு 50 பவுண்டும் இரட்டைக்கு 100 பவுண்டும் வரம்பு. வால்ட் டிஸ்னி வேர்ல்டில் ஒற்றைக்கு நாளொன்றுக்கு 15 டாலர், இரட்டைக்கு 31 டாலர் என்று பல வருடங்கள் இருந்தது. தங்கும் நாள் முழுவதற்கும் சேர்த்து முதல் நாளே கட்டினால் சற்றுக் குறையும். மறுநாள் ரசீதைக் காட்டி நேராக வண்டியை எடுத்துக்கொள்ளலாம். முன்பதிவு கிடையாது, முதலில் வருபவருக்கு முதலில். ஒரே நாளில் இரண்டாவது பார்க்குக்குப் போனால் முதல் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே ரசீதில் அங்கே இன்னொன்றை எடுக்கலாம். நடுவில் உள்ள பயணத்தில் வண்டி இருக்காது. ரசீதைத் தொலைக்காதீர்கள். உங்கள் வண்டியை யாராவது தவறுதலாகத் தள்ளிக்கொண்டு போய்விட்டால் ரசீதைக் காட்டித்தான் மாற்று வண்டி வாங்க முடியும். சொந்த வண்டிக்கு இல்லாத வசதி இது.

காரில் ஒரு நாள் மட்டும் போய் வருகிறீர்கள், குழந்தைக்கு நாலு வயதுக்கு மேல், இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவீர்கள் என்றால் இந்த வாடகை வண்டியே போதும். இரண்டு வயதுக்குக் கீழ் என்றால் எங்கள் கருத்தில் விவாதமே இல்லை, உங்கள் வண்டியைக் கொண்டுபோங்கள். அந்த வயதில் மத்தியானத் தூக்கம் போனால் அன்றைய நாளே போய்விடும்.

சொந்த வண்டி: அளவும் விதியும்

2019 மே 1 முதல் அமெரிக்க டிஸ்னி பார்க்குகளில் வண்டியின் அகலம் 31 அங்குலத்துக்கும் (79 செ.மீ.) நீளம் 52 அங்குலத்துக்கும் (132 செ.மீ.) மிகக் கூடாது. பெட்டி விவரத்தில் போட்டிருப்பதை நம்பாமல் டேப் வைத்து அளந்துவிடுங்கள். நீளத்தை முன் சக்கரத்தின் நுனியிலிருந்து கைப்பிடியின் கடைசி வரை எடுக்க வேண்டும். அகலத்தைப் பின் சக்கரங்களின் வெளிப்பக்கத்தில் எடுக்க வேண்டும். ஒற்றை வண்டிகள் ஏறக்குறைய எல்லாமே தேறிவிடும். மாட்டிக்கொள்வது பக்கத்துப் பக்கத்து இருக்கை கொண்ட இரட்டை வண்டிகளும், பெரிய முன் சக்கரம் வைத்த, தள்ளியபடி ஓடுவதற்கான வண்டிகளும்தான். கைப்பிடி போட்டுத் தள்ளும்படி செய்த வேகன் வகை வண்டிகளுக்கு அனுமதியே இல்லை; எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். மற்ற நிறுவனங்களின் பார்க்குகளுக்கு விதி தனித்தனி என்பதால் போகும் வாரத்தில் அவர்களின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்டி வாங்குவதில் தப்பில்லை, புதிதாக வந்தவர்களுக்கு அது நல்ல மிச்சமும் கூட. ஆனால் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் தயாரித்த தேதியைப் பாருங்கள். ஸ்ட்ரோலர்களுக்கான கட்டாயப் பாதுகாப்புத் தரம் அமெரிக்காவில் 2015 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு தயாரானதையே எடுங்கள். மாடல் எண்ணை நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் தளத்தில் போட்டு, திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கலாம். கையில் வாங்கும்போது மூன்றைச் சோதியுங்கள்: ஐந்து முனை பெல்ட் ‘கிளிக்’ என்று பூட்டுகிறதா, சரிவில் பிரேக் போட்டு அழுத்தித் தள்ளினால் நிற்கிறதா, விரித்த பின் மடிப்புப் பூட்டு தானாக விழுகிறதா. மூன்றாவது சரியில்லாத வண்டி குழந்தையோடு மடங்கிவிடும்.

கிளம்பும் முன் இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரே கையால் மடக்கிப் பழகுங்கள். பேருந்து வந்து நிற்கும்போது கற்றுக்கொள்ள நேரம் இருக்காது. கீழ்க் கூடையில் சாமானை உதிரியாகப் போடாமல் ஒரே பையில் வையுங்கள்; மடக்கும்போது ஒரே இழுப்பில் கையில் வந்துவிடும்.

விமானத்தில்

அமெரிக்க உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலானவை குழந்தைக்கு ஒரு ஸ்ட்ரோலரையும் ஒரு கார் சீட்டையும் கட்டணமில்லாமல் ஏற்றுக்கொள்கின்றன. விமானத்தின் கதவு வரை குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகலாம். ஏறும் வரிசை தொடங்கும் முன் கேட் ஊழியரிடம் சீட்டு வாங்கிக் கட்டிவிட வேண்டும். எடை கூடிய வண்டிகளைச் சில நிறுவனங்கள் கேட்டில் வாங்காமல் பெட்டிகளோடு கவுன்டரிலேயே போடச் சொல்லும். டிக்கெட் எடுக்கும்போதே அந்த வரம்பைப் பாருங்கள். உடைவது பெரும்பாலும் வண்டியின் சட்டம் இல்லை. கப் மாட்டி, கொக்கி, கழற்றக்கூடிய மேற்கூரை போன்றவைதான் உடையும் அல்லது காணாமல் போகும். அவற்றைக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிடுங்கள். மடிந்த வண்டி தானாக விரியாமல் ஒரு பட்டை கட்டி, ஒப்படைக்கும் முன் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். இறங்கியதும் சேதம் தெரிந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே கவுன்டரில் எழுதிக் கொடுங்கள்.

மூன்றாவது வழி

ஆர்லாண்டோவிலும் அனாஹைமிலும் ஸ்ட்ரோலரை விடுதிக்கே கொண்டு வந்து கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளும் நிறுவனங்கள் இருக்கின்றன. சாயும் இருக்கை, முழு மேற்கூரை, மழை உறை எல்லாம் வைத்த நல்ல வண்டி கிடைக்கும். வாசலுக்கு வெளியேயும் உங்களிடமே இருக்கும். மூன்று நாளுக்கு மேல் தங்குபவர்களுக்கும், இரண்டு குழந்தையோடு விமானத்தில் வருபவர்களுக்கும் இதுதான் சரி என்பது எங்கள் முடிவு. முன்பதிவு செய்யும்போது மூன்று கேள்வி கேளுங்கள். ஒப்படைக்கும்போது நாம் நேரில் நிற்க வேண்டுமா? திருட்டுக்கும் சேதத்துக்கும் யார் பொறுப்பு? நம் விமானம் தாமதமானால் என்ன ஏற்பாடு? முதல் கேள்வி முக்கியம், ஏனென்றால் சில விடுதிகளில் வரவேற்பு மேசை வண்டியை வாங்கி வைக்காது.

உள்ளே போன பிறகு

ரைடு வரிசைகளுக்குள் வண்டி போகாது. ஒவ்வொரு ரைடுக்கும் அருகே நிறுத்தும் இடம் இருக்கும். கைக்குழந்தை இருந்தால் உடம்போடு கட்டும் கேரியரும் அவசியம். இல்லாவிட்டால் நாற்பது நிமிட வரிசையில் கை மரத்துவிடும். உயரம் போதாத குழந்தை இருந்தால் ரைடின் நுழைவில் ‘ரைடர் ஸ்விட்ச்’ என்று கேளுங்கள். ஒருவர் வெளியே குழந்தையோடு இருக்க, மற்றவர் ஏறி வந்த பின் இவர் மறுபடி முழு வரிசை நிற்காமல் ஏறலாம். ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டி குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தயாராகவே இருப்பார்கள். ஆனால் தூங்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்க வைத்துவிடாதீர்கள். வண்டி இருந்தால் நிழலில் ஒரு பெஞ்சில் நிம்மதியாக உட்காருவார்கள்.

மேஜிக் கிங்டமின் மெயின் ஸ்ட்ரீட்டில் குதிரை வண்டிக்கான தண்டவாளம் தெருவின் நடுவே பதிந்திருக்கிறது. அந்தப் பள்ளத்தில் குடை வண்டியின் சின்ன முன் சக்கரம் சரியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். தண்டவாளத்தை ஒட்டி இணையாகத் தள்ளாமல், குறுக்கே நேராகக் கடங்கள். கடக்கும்போது கைப்பிடியைச் சற்று அழுத்தினால் முன் சக்கரம் எழும்பித் தாண்டிவிடும்.

கைப்பிடியில் பை மாட்டும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. குழந்தை உட்கார்ந்திருக்கும் வரை ஒன்றும் ஆகாது. இறக்கிய கணத்தில் முன்பக்க எடை போய்விடுவதால் வண்டி பின்னால் சாய்ந்து விழும், சாப்பாட்டுப் பையோடு சேர்த்து. கனமானதைக் கீழ்க் கூடையில் வையுங்கள். டிஸ்னி பார்க்குகளில் வெளிச் சாப்பாட்டுக்குத் தடை இல்லை. தயிர் சாதமோ இட்லியோ தாராளமாகக் கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரமும் உதிரி ஐஸ் கட்டியும் கூடாது. குளிர்ச்சிக்கு ஜெல் பேக் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்லாண்டோவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மத்தியானத்துக்கு மேல் இடி மழை அடிக்கடி வரும். மழை உறை தேவை. ஆனால் மழை நின்று வெயில் அடித்தவுடன் கழற்றிவிடுங்கள்; பிளாஸ்டிக் உறைக்குள் சூடு வேகமாக ஏறும். வெயிலுக்காகத் துணியோ துப்பட்டாவோ போட்டு வண்டியை முழுதாக மூடுவதும் அதே ஆபத்துதான். நிழல் தெரிந்தாலும் காற்று அடைபட்டுப் போகும். மேற்கூரையை இழுத்து விட்டு, பக்கங்களைத் திறந்தே வையுங்கள். ரைடுக்குப் போகும்போது மழை வரும் போலிருந்தால் காலி வண்டியின் இருக்கை மேல் ஒரு பெரிய குப்பைப் பையைக் கவிழ்த்துவிடுங்கள். திரும்பி வரும்போது இருக்கை காய்ந்திருக்கும்.

ரைடு முடிந்து வந்தால் வண்டி வைத்த இடத்தில் இல்லையே என்று பதறாதீர்கள். இடம் ஒழுங்கு செய்ய ஊழியர்கள் வண்டிகளை வரிசையாக நகர்த்திக்கொண்டே இருப்பார்கள்; முதலில் அதே நிறுத்தத்தின் கடைசி வரை நடந்து பாருங்கள். ஒரே மாதிரி கறுப்பு வண்டி நூறு நிற்கும் இடத்தில் கைப்பிடியில் கட்டிய பளிச்சென்ற ரிப்பன்தான் தூரத்திலிருந்தே கண்ணுக்குப் படும். பெயரும் கைபேசி எண்ணும் எழுதிய அட்டையை வெளியே தொங்கவிடாமல் இருக்கைக்கு அடியில் கட்டுங்கள். பாஸ்போர்ட், பணப்பை, மருந்து மூன்றும் எப்போதும் உங்கள் உடம்போடு இருக்கட்டும். பத்து நிமிடம் தேடியும் கிடைக்காவிட்டால் அருகில் உள்ள ஊழியரிடம் சொல்லிவிட்டு, கிளம்பும் முன் விருந்தினர் உதவி மையத்திலும் பதிவு செய்யுங்கள். தவறுதலாக எடுத்துப் போனவர்கள் பெரும்பாலும் அங்கேதான் கொண்டு வந்து விடுவார்கள்.