கரண்ட் வந்த பிறகு சாகும் மீன்கள்

ஐந்து மணி நேரம் கரண்ட் இல்லை, மீன்கள் எப்படியோ தாக்குப்பிடித்துவிட்டன. கரண்ட் வந்து ஒரு மணி நேரத்துக்குள் ஒவ்வொன்றாகக் கவிழ்கின்றன. புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் பலரும் சொல்வது இதைத்தான். பழியை வோல்டேஜ் மீதோ நோய் மீதோ போடுகிறார்கள். தொட்டிக்கு வெளியே வைத்து, குழாய் வழியாகத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் கேனிஸ்டர் பில்டரைத் திறந்து பார்த்தவர் குறைவு.

நின்றுபோன கேனிஸ்டரை அப்படியே ஓடவிடுவது

கேனிஸ்டர் பில்டர் மூடிய டப்பா. உள்ளே அடுக்கியிருக்கும் மீடியாவில் (துளைகள் நிறைந்த பீங்கான் வளையம் போன்றவை) வாழ்ந்து, அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் ஓடுகிற தண்ணீரோடுதான் வந்து சேர வேண்டும். ஓட்டம் நின்றால், உள்ளே தேங்கிய சில லிட்டரில் இருப்பது ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே தீர்ந்துபோகலாம். பிறகு பாக்டீரியா சாகத் தொடங்கும். பஞ்சில் சிக்கிய கழிவு காற்றில்லாமல் அழுகும், அம்மோனியா ஏறும். இன்னும் நீண்டால் ஹைட்ரஜன் சல்பைடும் சேரும். மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடிக்கும். ஏற்கெனவே மூச்சுத் திணறும் மீன்கள் மீது, கரண்ட் வந்த நொடியில் மோட்டார் இதையெல்லாம் கொட்டுகிறது. "பில்டர் தானாக ஓட ஆரம்பித்துவிடும்" என்று நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது. பிளக்கைப் பிடுங்க ஒரு நொடி போதுமே!

கரண்ட் போனதும் அதைச் செய்யுங்கள். ஒரு மணி நேரம் தாண்டினால் இரண்டு வால்வுகளையும் மூடி, தலைப்பகுதியைக் கழற்றி, உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மீடியாவை வலைப்பையில் போட்டு, பேட்டரி ஏர் பம்பின் குமிழிகள் படும்படி தொட்டிக்குள் தொங்கவிடுங்கள். பம்ப் இல்லையா? அகலத் தட்டில் பரப்பி, தொட்டித் தண்ணீரை அவ்வப்போது தெளித்து ஈரம் காயாமல் வையுங்கள். தேங்கிய நீரில் மூழ்கிக் கிடப்பதைவிட அது மேல்.

கரண்ட் வந்ததும் பஞ்சையும் மீடியாவையும் வாளியில் எடுத்த தொட்டித் தண்ணீரில் அலசுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் மிஞ்சிய பாக்டீரியாவும் போய்விடும். பிறகு தொட்டித் தண்ணீரையே நிரப்பி ஓட்டுங்கள். ஒரு வாரத்துக்கு அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் தினமும் டெஸ்ட் செய்யுங்கள், தீனியைப் பாதியாகக் குறையுங்கள்.

பவர் பேங்கை நம்பித் தூங்குவது

1 வாட் இழுக்கும் யூஎஸ்பி ஏர் பம்ப், 10,000 எம்ஏஎச் பவர் பேங்கில் ஏறக்குறைய ஒரு நாள் ஓடும். ஆனால் இவ்வளவு குறைவாகக் கரண்ட் இழுத்தால், போன் சார்ஜ் முடிந்துவிட்டது என்று கணக்குப் போட்டுத் தானே அணைந்துவிடும் பவர் பேங்குகள் நிறைய. வாங்கிய அன்றே மூன்று மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

ஏர் பம்பைத் தொட்டிக்குக் கீழே வைப்பது

டியூபில் தண்ணீரைத் திரும்ப வரவிடாத நான்-ரிட்டர்ன் வால்வ் போடுங்கள். இல்லையென்றால் தண்ணீர் டியூப் வழியாகத் தரைக்கு வரும்.

தீனி

கரண்ட் வரும்வரை வேண்டாம்.

செடி இருக்கிறதே என்ற தைரியம்

வெளிச்சமில்லாவிட்டால் செடியும் ஆக்சிஜனைத்தான் எடுக்கும். செடிக்கு விடும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் சோலனாய்டு (கரண்ட் போனால் தானே மூடும் வால்வ்) இல்லையென்றால் உடனே கையால் அடையுங்கள்.

மேலே வந்த மீனைக் கவனிக்காமல் விடுவது

20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் 7.5தான். பெட்டாவும் குராமியும் மேலே வந்து காற்றை விழுங்குவது இயல்பு. டெட்ராவோ கோல்ட்பிஷ்ஷோ மேற்பரப்பில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடினால், ஒரு குவளையை எடுத்துத் தண்ணீரை மொண்டு ஒரு அடி உயரத்திலிருந்து ஊற்றுங்கள். கால் மணிக்கு ஒரு தடவை, ஐந்து நிமிடம். மீன்கள் கீழே இறங்கும்வரை.