வீட்டுப் பெரியவர்களைக் காணொளிப் பேட்டி எடுப்பது எப்படி?

படம் கொஞ்சம் மங்கினாலும் பார்வையாளர்கள் பார்ப்பார்கள். பேச்சு விளங்கவில்லை என்றால் உடனே மூடிவிடுவார்கள். அதனால் இடம் பார்க்கப் போகும்போது முதலில் கண்ணை மூடி ஒரு நிமிடம் கேளுங்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையோர வீடு என்றால் மோனோரயிலும் மோட்டாரும் உள்ளேயே வந்துவிடும், பின்னறைக்கு மாறுங்கள். காலை 9 மணிக்கே தொடங்குவது நல்லது. கோலாலம்பூரில் பிற்பகல் இடிமழை வழக்கம். சிங்க் தகரக் கூரையில் மழை இறங்கினால் எந்த மைக்கும் உதவாது.

காற்றாடி, ஏர்கோன், ஐஸ்பெட்டி மூன்றையும் நிறுத்துங்கள். ஐஸ்பெட்டியைத் திரும்பப் போட மறப்பது சகஜம். கார் சாவியை அதற்குள் வைத்துவிட்டால் மறக்க வழியில்லை. காற்றாடி இல்லாமல் புழுங்கும். வயதானவரை 20 நிமிடத்துக்கு மேல் அப்படி உட்காரவைக்காமல், இடையில் காற்றாடி போட்டு, தண்ணீர் கொடுத்துத் தொடருங்கள்.

சட்டை மைக்கை முகவாய்க்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். பாட்டி பட்டுச்சேலையில் வந்தால் கவனம்: சரிகை உரசும் சத்தத்தைப் பிறகு சுத்தமாக நீக்க முடியாது, சங்கிலியும் மைக்கில் தட்டும். பதிவுக் கருவியின் ஒலி அளவுகாட்டியில் சாதாரணப் பேச்சு −12 டெசிபெல் அருகே நிற்கட்டும். சிரிப்பு 0-வைத் தொட்டால் ஒலி கிழியும். ஹெட்போன் போடாமல் பதிவு செய்யவே வேண்டாம்.

வெளிச்சத்துக்கு ஒரு சன்னல் போதும். அது அவருக்குப் பக்கவாட்டில், சற்று முன்னால் இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும். மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விநாடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 விநாடி வையுங்கள். 1/60 வைத்தால் குழல்விளக்கும் மலிவு எல்இடியும் படத்தில் துடிக்கலாம். கேமரா அவர் கண்மட்டத்தில், நீங்கள் லென்ஸை ஒட்டி. கைப்பேசி என்றால் விமானப் பயன்முறை.

இனி கேள்வி. முன்கூட்டியே முழுக்கதையையும் பேசவைத்துவிடாதீர்கள்; கேமரா முன்னால் “அதான் சொன்னேனே” என்று சுருக்கிவிடுவார். “தோட்டத்துல கஷ்டமா இருந்துச்சா, தாத்தா?” என்றால் “ஆமாப்பா”வோடு முடிந்தது. “பெரட்டுக்குப் போக எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க? இருட்டுல எப்படிப் பால்மரம் வெட்டுவீங்க?” (பெரட்டு என்பது வேலைக்கு முன் தோட்டத்தில் ஆளெண்ணும் கூட்டம்; பால்மரம் வெட்டுவது ரப்பர் மரத்தில் பால் எடுப்பது) என்று கேளுங்கள், கை கால் அசைத்துச் சொல்வார். தொகுப்பில் உங்கள் குரலை வெட்டுவீர்கள் என்றால் பதில் தனியாக நிற்க வேண்டும். “முழு வாக்கியமாச் சொல்லுங்க” என்று பெரியவரிடம் சட்டம் பேசினால் இயல்பு போய்விடும். “நாலு மணிக்கு” என்றாரா, “நாலு மணிக்கே எந்திரிச்சு என்ன தாத்தா செய்வீங்க?” என்று தொடருங்கள். “ம்ம்” கொட்டாமல் தலையாட்டுங்கள். பதில் முடிந்ததும் மனதில் மூன்று எண்ணுங்கள். நல்ல விஷயம் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும். மலாய்ச் சொல் கலந்தால் திருத்த வேண்டாம்.

கிளம்புமுன் யாரும் பேசாமல் அறையின் ஒலியை 30 விநாடி பதியுங்கள்; வெட்டு விழும் இடங்களை அதுதான் மூடும். பழைய படங்கள், அவர் கைகள், பேசிய பொருட்கள் ஒவ்வொன்றையும் 10 விநாடி அசையாமல் எடுங்கள். இரண்டு வட்டுகளில் நகலெடுத்துத் திறந்து பார்த்த பிறகே மெமரி கார்டை அழியுங்கள்.