மலைநாட்டுல நத்தை வளர்க்கப் போறீங்களா, மொதல்ல தண்ணியப் பாருங்க

மீன் தொட்டிக்குள்ள நத்தை விடுறது இப்ப நம்ம பக்கமும் பரவிருச்சு. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை எந்த டவுன் மீன் கடையில பாத்தாலும் மஞ்சக் கலர்ல ஒண்ணு கண்ணாடியில ஒட்டிக்கிட்டு மேல ஏறிக்கிட்டு இருக்கும், புள்ளைங்க அத பாத்துட்டா வாங்காம வீட்டுக்கு வராதுங்க. ஆனா வாங்கிட்டு வந்து கொஞ்ச மாசத்துல ஓடு வெளுத்துப் போயி, ஓட்டு வாயில இருக்கிற மூடிய இழுத்து மூடிக்கிட்டு, அடியில கெடந்து செத்துப்போகும், ஒடனே "இந்தக் குளிருக்கு இது நிக்காது"ன்னு முடிவு கட்டிடுறாங்க. குளிரும் ஒரு காரணந்தான், இல்லேன்னு சொல்லல, ஆனா பெரிய காரணம் தண்ணி. கொழும்புல இருந்தும் சென்னைல இருந்தும் போடுற வீடியோவ பாத்து அப்படியே செஞ்சா இங்க சரிவராது, ஏன்னா அவங்க தண்ணி வேற நம்ம தண்ணி வேற.

எப்படி வேறன்னா, யாழ்ப்பாணத்துல சொந்தக்காரங்க இருந்தா அவங்க கேத்தலுக்கு உள்ள பாருங்க, அடியில வெள்ளையா கல்லு மாதிரி படிஞ்சிருக்கும், அங்க மண்ணுக்கு அடியில பூரா சுண்ணாம்புக்கல்லு, கிணத்துத் தண்ணியில அது கரைஞ்சு வருது. நம்ம கேத்தல் எத்தன வருசம் பாவிச்சாலும் அப்படி படியாது. இங்க மல பூரா கரையாத கெட்டிப் பாற, மேல இருந்து ஊத்தா வந்து பீலியில விழுற தண்ணியில சுண்ணாம்புச் சத்து ரொம்பக் கம்மி, கொஞ்சம் புளிப்புப் பக்கமாவும் இருக்கும். தேத்தண்ணி போடுறதுக்கு இதவிட நல்ல தண்ணி கெடையாது, நத்தைக்குத்தான் கஷ்டம். (மாத்தளை, திகன பக்கம் டொலமைட் பாறை இருக்கு, அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு இந்தப் பிரச்சின கொறைவு.)

நத்தை ஓடுங்கிறது கிட்டத்தட்ட முழுசும் கல்சியம் கார்பனேட்தான். பிஎச் (தண்ணி புளிப்பா காரமான்னு காட்டுற அளவு) 7க்கு கீழ போச்சுன்னா ஓடு மெதுவா தண்ணியிலயே கரைய ஆரம்பிக்கும். நத்தைய கையில எடுத்து வெளிச்சத்துல பாருங்க, சுருள் ஆரம்பிக்கிற உச்சியில, அதாவது ஓட்டோட ஆகப் பழைய எடத்துல, மேல்தோல் உரிஞ்சு வெள்ளத் திட்டு தெரியும், கொஞ்ச நாள்ல அது ஊசியால குத்தின குழி மாதிரி ஆகிடும். வாய்ப்பக்கம் இருக்கிற விளிம்புதான் புதுசா வளர்ற எடம், அது மெல்லிசா, பட்டா ஒடியிற மாதிரி இருந்தா கல்சியம் பத்தலைன்னு அர்த்தம். பழைய குழி திரும்ப நெறையாது, ஆனா சத்து சரியாக் கெடைச்சா இனிமே வளர்ற ஓடு நல்லா வரும், வளந்த நத்தையில பழசுக்கும் புதுசுக்கும் நடுவுல ஒரு கோடே தெரியும்.

இதுக்கு என்ன செய்யலாம்னா, பிஎச் 7.2ல இருந்து 8 வரைக்கும் நிக்கிற மாதிரி பாத்துக்கணும். கிளி, லவ்பேர்ட்ஸ் தீனி விக்கிற கடையில கணவாய் ஓடு கெடைக்கும், ஒரு துண்டு ஒடைச்சுப் போடுங்க, மொதல்ல மெதக்கும், ஊறினதும் தாழ்ந்துரும், நத்தையே போயி அத சுரண்டித் தின்னும். முட்டை ஓடும் போடலாம், நல்லா அவிச்சு, உள்தோல உரிச்சு, காயவச்சு, நொறுக்கி, பழைய ஸ்டாக்கிங் துணியில கட்டி ஃபில்டர்ல தண்ணி ஓடுற எடத்துல வைங்க. கரையிறது ரொம்ப மெதுவு, இன்னைக்கு வச்சு நாளைக்கு ரிசல்ட் பாக்காதீங்க. கடல் சிப்பியும் நல்லது. பவளப்பாறத் துண்டு வேணாம், நம்ம கடல்ல பவளம் ஒடைக்கிறதே தடை. தோட்டத்துல கவ்வாத்து வெட்டினப்புறம் போடுற டொலமைட்டயும் சில பேரு கேப்பாங்க, கல்லு என்னமோ சரியான கல்லுதான், ஆனா உர ஸ்டோர்ல அது எதெதோட கலந்து கெடந்துச்சோ யாரு கண்டா, நான் போடச் சொல்லமாட்டேன். கடைசியா ஒண்ணு, வெத்தலைக்கு பூசுற சுண்ணாம்ப "அதுவும் கல்சியந்தானே"ன்னு ஒரு விரல் எடுத்து கலக்கிடாதீங்க, பிஎச் ஒரேயடியா ஏறி நத்தை மீன் எல்லாம் ஒண்ணாப் போயிரும்.

அடுத்து கொப்பர், அதாவது செம்பு. இதத்தான் யாருமே சொல்றதில்ல. 1946ல சிலோனுக்குள்ள தேயிலையில கொப்புள நோய் வந்துச்சு, அதுல இருந்து மழ மூட்டம் நேரத்துல கொழுந்துக்கு கொப்பர் மருந்து அடிக்கிறது நம்ம மலையில பழகிப்போன வேல. மனுசனுக்கு ஒண்ணும் தெரியாத அளவு கொப்பர் நத்தைக்கு வெசம். இதுல வேடிக்க என்னன்னா இந்த மஞ்ச நத்தையோட ரத்தத்துலயே செம்பு இருக்கு, நம்ம ரத்தத்துல இரும்பு செய்ற வேலய அதுக்கு ஹீமோசயனின் செய்யுது, அப்படி இருந்தும் வெளியில இருந்து கொஞ்சம் கூடுதலா வந்தா தாங்காது. அதனால உங்க பீலிக்கு மேல தேயிலை மல இருந்தா, மருந்தடிச்ச பிறகு பெய்ற மழைக்கு அந்தத் தண்ணிய தொட்டிக்கு எடுக்காதீங்க, அடிக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு மூணு வாளி புடிச்சு மூடி வச்சிருங்க. மருந்தடிக்கப் போயிட்டு வந்தவங்க குளிச்சு உடுப்பு மாத்தாம தொட்டிக்குள்ள கைய விடக்கூடாது. மரக்கறித் தோட்டம் பக்கத்துல இருந்தாலும் இதே கததான்.

கொப்பர் வேற வழியிலயும் வரும். குளிருக்கு கீசர் போட்ட வீட்டுல "வெதுவெதுன்னு இருக்கே"ன்னு அந்த சுடுதண்ணிய தொட்டிக்கு கலக்குறாங்க, சில கீசர்ல உள்ள செம்புச் சுருள் இருக்கும், சுடுதண்ணி அதுல நின்னு வருது, அது வேணாம். அடுப்புல கேத்தல்ல சுட வச்சு கலந்துக்கோங்க. மீனுக்கு வெள்ளப் புள்ளி நோய் வந்தா கடைக்காரர் குடுக்கிற மருந்துல மயில்துத்தம், அதாவது கொப்பர் சல்பேட், இருக்கான்னு போத்தல்ல பாருங்க, இருந்தா மீன வேற பாத்திரத்துக்கு மாத்தி வைத்தியம் பண்ணுங்க. உப்பும் போடக்கூடாது. டவுன்ல குழாய்த் தண்ணி வர்ற வீடுன்னா அதுல குளோரின் இருக்கும், ஒரு நாள் தொறந்து வச்சுட்டு ஊத்தலாம், இல்ல குளோரின் எடுக்கிற சொட்டு மருந்து வாங்கிக்கலாம். கரப்பான் ஸ்ப்ரே அடிக்கிறதுன்னா தொட்டிக்கு மேல ஈரத்துணி போட்டு காத்து மோட்டர நிப்பாட்டிட்டு அடிங்க, அந்த ரூம்லயே அடிக்காம விட்டா இன்னும் நல்லது.

சரி குளிருக்கு வருவோம். கடையில "மிஸ்டரி", "ஆப்பிள்"னு விக்கிற மஞ்ச நத்தைக்கு 20ல இருந்து 26 டிகிரி வரைக்கும் வேணும், கோடு போட்ட நெரைட் நத்தைக்கு 22க்கு மேல இருந்தா நல்லம். நுவரெலியா 1868 மீட்டர் ஒசரம், வருசம் பூரா சராசரி 16 டிகிரி கிட்டத்தான், ஜனவரி மாசத்துல புல்லு மேல உறைபனி விழும், அங்க ஹீட்டர் இல்லாம மஞ்ச நத்தை வேணாம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி ஒசரம் உள்ள தொட்டியில 56 லீட்டர் கிட்ட புடிக்கும், மத்த ஊருல அதுக்கு 50 வோட்ஸ் ஹீட்டர் போதும்பாங்க, நுவரெலியாவுக்கு 100 வோட்ஸ் போடுங்க. பின்பக்கத்துக்கும் அடிக்கும் ரெஜிபோம் தட்டு வச்சா சூடு நிக்கும், கரண்ட் பில்லும் கொறையும். ஹீட்டருக்கு பிளாஸ்டிக் கூடு மாட்டணும், இல்லேன்னா நத்தை போயி அதுமேலயே ஒட்டிக்கிட்டு வெந்துரும். தண்ணி மாத்துறப்ப பிளக்க கழட்டிருங்க, வெளிய தெரியிற ஹீட்டர் வெடிச்சுரும். பழைய லயத்து வயரிங்னா ஒரு எலக்ட்ரீசியன் கிட்ட காட்டாம மாட்டாதீங்க, வயரு பிளக்குக்கு கீழ தொங்கி அப்புறம் மேல ஏறுற மாதிரி விடுங்க, அப்பத்தான் வயரு வழியா வழியிற தண்ணி பிளக்குக்குள்ள போகாது.

ஹீட்டருக்கு வசதி இல்லையா, தட்டையா சுருண்டு இருக்கும் பாருங்க ரேம்ஸ்ஹோர்ன், அத வளங்க. குளிர்ல மந்தமாகும், முட்டை போடுறது கொறையும், ஆனா தாங்கும். செவப்பு ரேம்ஸ்ஹோர்ன் அழகு வேற, அதுக்கு ரத்தத்துல நம்மளப் போல ஹீமோகுளோபின், தோல்ல கருப்பு நிறம் இல்லாததால அந்த செவப்பு அப்படியே வெளிய தெரியுது. ஒரே குற்றம், ஒண்ணு வாங்கினா ஊருக்கே குடுக்கலாம், அவ்வளவு பெருகும்.

கடையில வாங்குறப்ப ஓட்டு உச்சி வெளுக்காதத, அசையிறத எடுங்க. கையில தூக்கினா உள்ள இழுத்துக்கணும், மூடி தொங்கிக்கிட்டு நின்னா வேணாம். கண்டில இருந்தோ கொழும்புல இருந்தோ கொண்டாறதுன்னா மஞ்ச நத்தைய ஈர டிஷ்யூவுல சுத்தி, ஓட்ட போட்ட டப்பாவுல வச்சா போதும், அதுக்கு நொரையீரலும் இருக்கு, காத்துல மூச்சு விடும். வீட்டுக்கு வந்ததும் தொபுக்குனு போட்டுறாதீங்க, ஒரு சின்ன பாத்திரத்துல விட்டு தொட்டித் தண்ணிய கொஞ்சங் கொஞ்சமா ஒரு மணித்தியாலம் வரைக்கும் சேத்து அப்புறமா விடுங்க. அப்பவும் ஒரு நாள் மூடிக்கிட்டு கெடக்கும், பயப்பட வேணாம். புதுசா தண்ணி நெரப்பின தொட்டியில ஒடனே விடவும் கூடாது, கழிவுல வர்ற அமோனியாவ தின்கிற பாக்டீரியா உண்டாக 4ல இருந்து 6 வாரம் ஆகும், நம்ம குளிருக்கு அதுக்கு மேலயும் போகும். 10 லீட்டருக்கு ஒரு மஞ்ச நத்தைக்கு மேல வேணாம், அதுங்க கழிவு ரொம்ப, கிழமைக்கு ஒருக்கா கால்வாசி தண்ணி மாத்தணும்.

தொட்டிக்கு மூடி கட்டாயம். ராத்திரியில ஏறி வெளிய வந்து தரையில விழுந்து ஓடு ஒடைஞ்சு கெடக்கும். ஆனா விளிம்பு வரைக்கும் தண்ணி நெரப்பாதீங்க, 3 இஞ்சியாவது காத்துக்கு விடணும். மஞ்ச நத்தை சுவாசிக்கிறத ஒரு தடவ கிட்ட இருந்து பாருங்க, தண்ணி மட்டத்துக்குக் கீழ நின்னுக்கிட்டு கழுத்துப் பக்கமா ஒரு மெல்லிசுக் குழாய மேல நீட்டும், அப்புறம் ஒடம்பே பம்ப் அடிக்கிற மாதிரி முன்னும் பின்னும் ஆடும், தேவையான காத்து போனதும் குழாய மடக்கிட்டு அது பாட்டுக்குப் போயிரும். முட்டையும் அந்த எடவெளியிலதான் போடும், தண்ணிக்கு மேல கண்ணாடியில ரோஸ் கலர்ல ஒட்டிக்கிட்டு இருக்கும். குஞ்சு வேணான்னா சுரண்டி எடுத்து, ஃப்ரீசர்ல ரெண்டு நாள் வச்சு அப்புறமா குப்பையில போடுங்க. ஒத்த நத்தைதானே வாங்கினேன்னு நெனைக்காதீங்க, பொட்ட நத்தை முன்னாடியே சேந்திருந்தா மாசக் கணக்குல முட்டை போடும்.

சாப்பாட்டுக்கு காரட், போஞ்சி, வெள்ளரி நல்லது. ஆனா நம்ம மரக்கறிக்கு எவ்வளவு மருந்தடிக்கிறாங்கன்னு நமக்கே தெரியும், தோல சீவி, நல்லா கழுவி, அவிச்சு, ஆறவச்சுப் போடுங்க, மிஞ்சினத அடுத்த நாளே எடுத்துருங்க. லீக்ஸ், வெங்காயம் போடாதீங்க. எனக்குப் புடிச்ச முறை ஜெலி, அவிச்ச காரட்டும் போஞ்சியும் ஒரு கை, மீன் தீனி ஒரு தேக்கரண்டி, பவுடரா அரைச்ச முட்டை ஓடு ஒரு தேக்கரண்டி, எல்லாத்தையும் மிக்ஸியில அடிச்சு, அகர் அகர் காய்ச்சி அதோட கலந்து, தட்டுல ஊத்தி, எறுகினதும் சின்னச் சின்னத் துண்டா வெட்டி ஃப்ரீசர்ல வச்சா பல வாரத்துக்கு வரும். ஓட்டுக்கு வேண்டிய கல்சியம் வயித்து வழியாவும் போகுது.

கூட வைக்கிற மீன்ல கப்பி, பிளாட்டி பிரச்சினை இல்ல, அதுங்களுக்கும் சுண்ணாம்புச் சத்து உள்ள தண்ணிதான் புடிக்கும். லோச், பஃபர் நத்தையத் தின்னுரும். ஃபைட்டர் சிலது கொம்பக் கடிக்கும், கோல்ட்ஃபிஷ்ஷும் நிம்மதியா விடாது.

செத்துருச்சான்னு சந்தேகம் வந்தா மூந்து பாருங்க, செத்த நத்தை நாத்தம் தாங்க முடியாது, அது ஒண்ணே போதும். மெதக்குறத வச்சு முடிவு பண்ணாதீங்க, காத்து புடிச்சாலும் மெதக்கும். செத்தது தெரிஞ்சா ஒடனே எடுத்துட்டு பாதி தண்ணி மாத்துங்க, இல்லேன்னா அமோனியா ஏறி மீனும் போகும்.

ஓடையில, கிரகரி வாவியில பொறுக்கின நத்தைய தொட்டியில விடாதீங்க, புழுவும் அட்டையும் சேந்து வரும். மழைக்கு மரத்துல ஏறுற பெரிய நத்தை, அக்காவுஸ்னு நம்ம நாட்டுல மட்டுமே இருக்கிற வகை, அது தரை நத்தை, தண்ணியில போட்டா மூச்சு முட்டி செத்துரும். தொட்டிய தொட்டா சவுக்காரம் போட்டு கை கழுவணும், முக்கியமா புள்ளைங்க. எலியில இருந்து நத்தைக்கு வர்ற ஒரு நுரையீரல் புழு மனுசனுக்குப் போனா மூளைய பாதிக்கும், கடையில வளத்த நத்தையில அந்தப் பயம் கொறைவு, வெளிய புடிச்சதுல கூடுதல்.

மிஞ்சின நத்தைய ஓடையிலயோ கான்லயோ விடவே வேணாம். வீட்டுத் தோட்டத்துல கோவாவையும் சலாதையும் ராத்திரியோட ராத்திரியா காலி பண்ற அந்த பெரிய ஆபிரிக்க நத்தை இங்க எப்படி வந்துச்சுன்னா, 1900ல ஒலிவர் கொலெட்னு ஒரு வெள்ளக்காரர் கல்கத்தாவுல இருந்து கொண்டாந்து வட்டவளையில தன் தோட்டத்துல விட்டாரு, இன்னைக்கு அது நாடு பூரா இருக்கு. வேண்டாதத கடைக்காரர் கிட்ட திருப்பிக் குடுங்க, பொதுவா வாங்கிக்குவாங்க, இல்லேன்னா முட்டைய எடுக்கிறத கிழமைக்கு ஒருக்கா தண்ணி மாத்துற வேலையோட சேத்து வச்சுக்கோங்க.