எஸ்பிஐஆர் நிதிக்கு முதல்முறை விண்ணப்பிக்கிறீர்களா? இந்த வரிசையில் போங்கள்

அமெரிக்காவில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சின்ன கம்பெனி நடத்துகிறீர்கள். நிலத்தடி நீரைச் சுத்தம் செய்யும் முறையோ, ட்ரோனில் பொருத்தும் சென்சாரோ, கையில் ஏதோ ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது, ஆனால் ஆய்வகத்தைத் தாண்டவில்லை. முதலீட்டாளர்கள் "விற்பனை எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். இந்த நிலையில் இருப்பவர்களுக்கென்றே ஒரு அரசுத் திட்டம் இருக்கிறது, எஸ்பிஐஆர் (சிறு நிறுவனப் புத்தாக்க ஆராய்ச்சித் திட்டம்) என்பார்கள். கடன் கிடையாது, திருப்பித் தர வேண்டாம், கம்பெனியில் பங்கும் கேட்க மாட்டார்கள்.

1977-இல் தேசிய அறிவியல் அறக்கட்டளையில் ரோலண்ட் டிபெட்ஸ் என்பவர் ஆரம்பித்துவைத்தது, 1982-இல் ரீகன் கையெழுத்திட்டுச் சட்டமானது. வெளியார் ஆராய்ச்சிக்கு ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் செலவழிக்கும் ஒவ்வொரு அரசுத் துறையும் அதில் 3.2 சதவீதத்தைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்கியாக வேண்டும். பெரும் பங்கு பாதுகாப்புத் துறையிடம். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏ-விடம் இருப்பது சின்னப் பை. ஒரு எச்சரிக்கை: நாடாளுமன்றம் இந்தத் திட்டத்துக்குக் காலவரம்பு வைத்தே அனுமதி கொடுக்கும், 2022-இல் போட்ட நீட்டிப்பு 2025 செப்டம்பர் 30-ஓடு முடிந்தது. அதனால் வேலையைத் தொடங்கும் அன்று எஸ்பிஐஆர் டாட் கவ் தளத்தில் விண்ணப்பம் கேட்டு என்னென்ன அறிவிப்புகள் திறந்திருக்கின்றன என்று பார்த்துவிடுங்கள்.

படி 1: தகுதி இருக்கிறதா?

லாப நோக்குள்ள அமெரிக்க நிறுவனமாக இருக்க வேண்டும், துணை நிறுவனங்களையும் சேர்த்து ஊழியர்கள் 500-ஐத் தாண்டக் கூடாது. பாதிக்கு மேல் உரிமை அமெரிக்கக் குடிமக்களிடமோ கிரீன் கார்டு வைத்திருப்பவர்களிடமோ இருக்க வேண்டும். நம்மவர்கள் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். எச்-1பி விசாவில் இருக்கும் நண்பரிடம் 60 சதவீதப் பங்கு இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. ஆய்வுக்குத் தலைமை தாங்குபவருக்கும் உங்கள் கம்பெனிதான் முதன்மை வேலையாக இருக்க வேண்டும், பகலில் பெரிய கம்பெனியில் முழுநேர வேலை, இரவில் இது என்றால் நடக்காது.

படி 2: பதிவுகளை இன்றே தொடங்குங்கள்

யோசனை முழுசாகக் கனியும் முன்பே இதைச் செய்யுங்கள். சாம் டாட் கவ் தளத்தில் பதிந்தால் 12 எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளக் குறி ஒன்று தருவார்கள், அது இல்லாமல் எந்தக் கதவும் திறக்காது. அப்புறம் எஸ்பிஐஆர் தளத்தின் நிறுவனப் பதிவேடு. பாதுகாப்புத் துறை என்றால் டிஎஸ்ஐபி என்ற தனித் தளமும் உண்டு.

எங்களுக்கு ஒரு காற்புள்ளியால் மூன்று வாரம் போனது. ஒரு தாளில் கம்பெனிப் பெயருக்கும் "இன்க்" என்பதற்கும் நடுவில் காற்புள்ளி, இன்னொரு தாளில் இல்லை. இரண்டும் ஒரே கம்பெனிதான் என்று நிரூபிக்கத் தாள் மேல் தாளாக அனுப்பிக்கொண்டிருந்தோம். பதிவு முற்றிலும் இலவசம், "கட்டணம் கட்டுங்கள், சீக்கிரம் முடித்துத் தருகிறோம்" என்று மின்னஞ்சல் வரும், கண்டுகொள்ளாதீர்கள். வருடா வருடம் புதுப்பிக்க மறக்காதீர்கள்.

படி 3: எந்தக் கதவு?

பிஎஃப்ஏஎஸ் என்னும் வேதிப்பொருள்களை நீரிலிருந்து அகற்றும் முறை ஒன்று உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ராணுவத் தளங்களில் பல்லாண்டுகளாகப் பயன்படுத்திய தீயணைப்பு நுரையால் நிலத்தடி நீர் கெட்டுப்போயிருக்கிறது, ஆக பாதுகாப்புத் துறைக்கு இது சொந்தத் தலைவலி. இபிஏ 2024-இல் குடிநீரில் பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் என்னும் இரண்டு பிஎஃப்ஏஎஸ் வகைகளுக்கும் ஒரு லட்சம் கோடியில் 4 பங்கு என்று வரம்பு வைத்தது, எனவே அவர்களுக்கும் இதில் அக்கறை உண்டு. ஒரே கருவிதான், ஆனால் எழுத வேண்டிய விண்ணப்பம் வேறு வேறு.

பாதுகாப்புத் துறை தானே வாங்கக்கூடிய வாடிக்கையாளர். அறிவிப்பில் அவர்கள் கொடுக்கும் ஆய்வுத் தலைப்பே நறுக்கென்று, இந்த வேலைக்கு இந்த எடைக்குள் இந்தக் கருவி வேண்டும் என்பதுபோல இருக்கும். இபிஏ தலைப்புகள் விரிந்தவை, பெரும்பாலும் அவர்கள் வாங்கப்போவதும் இல்லை. உங்கள் கருவியை எந்த ஊர்க் குடிநீர் வாரியம் வாங்கும், ஏன் வாங்கும் என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். தொகையும் சின்னது: நடக்குமா என்று சோதிக்கும் முதல் கட்டத்துக்கு ஆறு மாதம், 1,00,000 டாலர் வரை, அதை மேலே வளர்க்கும் இரண்டாம் கட்டத்துக்கு இரண்டு ஆண்டு, 4,00,000 டாலர் வரை. பாதுகாப்புத் துறையில் தொகை பிரிவுக்குப் பிரிவு மாறும், அறிவிப்பிலேயே போட்டிருப்பார்கள்.

படி 4: போனை எடுங்கள்

என்னைக் கேட்டால் மொத்த வேலையில் பாதி இதுதான். பாதுகாப்புத் துறை அறிவிப்பு வெளியானதும், விண்ணப்பம் வாங்கத் தொடங்கும் முன் சில நாள் இடைவெளி இருக்கும். அந்த நாட்களில் தலைப்பை எழுதிய தொழில்நுட்ப அலுவலரிடம் நேரடியாகப் பேசலாம், பெயரும் எண்ணும் அங்கேயே இருக்கும். விண்ணப்பம் திறந்த பிறகு தளத்தில் கேள்வி எழுதிக் கேட்பது மட்டும்தான்.

நாங்கள் ஒருமுறை அகற்றும் திறன் எவ்வளவு என்று பெருமையாகச் சொல்லத் தயாராக உட்கார்ந்திருந்தோம். மறுமுனையில் இருந்தவர் அதைக் கேட்கவே இல்லை. "தடிமனான கையுறை போட்டுக்கொண்டு ஒரு ஆள் உங்கள் வடிகட்டியைக் கழற்றி மாட்ட முடியுமா? கழற்றியதை எங்கே கொண்டுபோய் வைப்பது?" என்றார். சரியான கேள்வி. கரித்தூளோ ரெசினோ பிஎஃப்ஏஎஸ்ஸைப் பிடித்துவைக்கும், அழிக்காது. பிடித்துவைத்த வடிகட்டியே அப்புறம் ஆபத்தான கழிவாக உட்கார்ந்திருக்கும். பதினைந்தே நிமிடப் பேச்சு, அதற்கப்புறம் விண்ணப்பத்தில் முக்கால்வாசியைத் திருப்பி எழுதினோம்.

படி 5: எழுதுவது

முதல் கட்டத்தில் கேட்பது "இது நடக்குமா?" என்ற ஒரே கேள்விதான், முழு இயந்திரத்தையும் கட்டித் தருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். எந்த அளவை எட்டினால் வெற்றி, எட்டாவிட்டால் என்ன முடிவு என்று எண்ணோடு எழுதுங்கள். "திறனை மேம்படுத்துவோம்" என்று எழுதினால் படிப்பவர் கொட்டாவி விடுவார். "200 லிட்டர் அசல் தள நீரை ஓட்டி, வெளிவருவது 4 பங்குக்குக் கீழே இருக்கிறதா என்று மூன்று முறை அளப்போம்" என்றால் நிமிர்ந்து உட்காருவார்.

பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்கிறீர்களா? முதல் கட்ட வேலையில் மூன்றில் இரண்டு பங்காவது உங்கள் கம்பெனிக்குள்ளேயே நடக்க வேண்டும். அது முடியாவிட்டால் எஸ்டிடிஆர் என்ற சகோதரத் திட்டத்தைப் பாருங்கள், அதில் உங்களுக்கு 40, ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 30 சதவீதம் இருந்தால் போதும்.

சீனா, ரஷ்யா, ஈரான், வட கொரியா நாடுகளோடு உங்களுக்கு இருக்கும் முதலீடு, கூட்டு, வேலைத் தொடர்புகளைச் சொல்லச் சொல்லி ஒரு படிவம் வரும். மறைக்காமல் நிரப்புங்கள். பணம் கிடைத்த பிறகு ஒப்படைக்கும் அறிக்கைகளில், ஒப்பந்தம் சொல்கிறபடி தரவு உரிமைக் குறிப்பை (இந்தத் தரவை அரசு வெளியாருக்குக் கொடுப்பதைக் கட்டுப்படுத்தும் வாசகம்) அச்சிட மறக்காதீர்கள். 20 ஆண்டு பாதுகாப்பு கிடைக்கும், குறிப்பு போடாவிட்டால் சிக்கல்.

படி 6: அனுப்புவது

பாதுகாப்புத் துறைக்குக் கடைசி நேரம் நள்ளிரவு இல்லை, கிழக்கு நேரப்படி நண்பகல் 12. முந்தின நாளே அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

முதல்முறையே கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் மதிப்பீட்டாளர்களின் குறிப்பைத் தரும்படி எழுதிக் கேளுங்கள், அதற்கும் காலக்கெடு உண்டு, விட்டால் போச்சு. அந்தக் கடிதத்தைக் கோபம் ஆறியபின் படியுங்கள். எங்களுக்கு முதன்முதலாக வந்த மறுப்பில், கழற்றிய வடிகட்டி என்ன ஆகும் என்று சொல்லவில்லை என ஒரு வரி இருந்தது. அதைச் சரியாகப் படித்திருந்தால் அந்தப் போன் பேச்சில் அப்படித் திருதிருவென்று முழித்திருக்க மாட்டோம்.