மோசமாக ஓட்டுபவரைத் திருத்தும்போது செய்யக் கூடாத தவறுகள்

‘கனடாஸ் வொர்ஸ்ட் டிரைவர்’ என்ற கனடா நாட்டுத் தொலைக்காட்சிப் போட்டியில் நன்றாகத் தேறியவர்தான் முதலில் வெளியேறுவார். உரிமம் இருந்தும் காரை ஒழுங்காக ஓட்டத் தெரியாதவர்களை அவர்களுடைய வீட்டாரோ நண்பர்களோ அழைத்து வருவார்கள். உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டு பயிற்சி தொடங்கும். திருந்தியவர்கள் ஒவ்வொருவராக வீடு திரும்ப, கடைசிவரை திருந்தாதவருக்கு ‘நாட்டின் மிக மோசமான ஓட்டுநர்’ என்ற பெயர் மிஞ்சும். பிரிட்டனில் 2002இல் வந்த நிகழ்ச்சியின் வழியில் 2005இல் தொடங்கிய இது, ஆண்ட்ரூ யங்ஹஸ்பண்ட் தொகுத்து வழங்க, 2018 வரை 14 பருவங்கள் ஓடியது.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் இதே வேலை ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கிறது. கே53 என்ற ஓட்டுநர் தேர்வில் தேறிய பிறகும் என்3 நெடுஞ்சாலைப் பக்கம் போகவே நடுங்கும் அக்கா, ‘பக்கி’ என்னும் சிறு சரக்கு வண்டியின் பின்பக்கத்தை மாதம் ஒருமுறை இடித்துக்கொண்டு வரும் தம்பி, தான் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியை விட்டு வெளியே ஓட்டாத பெரியப்பா. திருத்த நினைப்பது நல்லதுதான். ஆனால் அந்த நிகழ்ச்சியில் கண்ணைக் கவரும் சாகசங்களைப் பிடித்துக்கொண்டு, அவற்றுக்கு அடியில் இருக்கும் எளிய பாடத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காரை இடிப்பவர்களில் பெரும்பாலோருக்குக் கையில் கோளாறு இல்லை. அவர்கள் கண் தவறான இடத்தில் நிற்கிறது. அதைச் சரிசெய்யாமல் செய்யும் பயிற்சி வீண்.

இருக்கையைச் சரிசெய்யாமல் கிளம்புவது

இதைவிட எளிதாகத் தீரும் பிழை வேறில்லை. கிளட்சை அடி வரை மிதித்தாலும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் காரில் பிரேக்கை வைத்து இதைப் பார்க்கலாம். முதுகும் தோளும் இருக்கையில் ஒட்டியிருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். நெஞ்சுக்கும் ஸ்டீயரிங் நடுவுக்கும் குறைந்தது 25 செ.மீ. இடைவெளி வேண்டும், காற்றுப்பை விரிய அந்த இடம் தேவை. தலைத்தாங்கியின் மேல்விளிம்பு தலையின் உச்சி அளவுக்கு வர வேண்டும். பக்கக் கண்ணாடியில் சொந்தக் காரின் உடம்பு ஒரு கீற்றுதான் தெரியலாம். பாதிக் கண்ணாடியில் சொந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு ஓட்டுபவர்கள் நிறையப் பேர்.

பயந்தவர்கள் ஸ்டீயரிங்கை அணைத்தபடி முன்னால் நகர்ந்து உட்காருவார்கள். அப்படி உட்கார்ந்தால் பார்வை பானட்டுக்கு முன் பத்து மீட்டரில் விழுந்துவிடும், முழங்கை மடங்கி ஸ்டீயரிங்கைப் பெரிதாகத் திருப்ப முடியாது. இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிய அன்றே ஓட்டம் மாறுவதைப் பார்க்கலாம்.

தடையைப் பார்த்துக்கொண்டே தடையைத் தவிர்க்க முயல்வது

கண் போகும் பக்கம் கார் போகும். நிகழ்ச்சியின் ‘ஊசிக்கண்’ பயிற்சியில், கார் நுழையும் அளவே இடம் விட்ட வளைவுகளுக்கு ஊடே வேகமாகப் போக வேண்டும். தூணைப் பார்ப்பவர் தூணில் இடிப்பார், அடுத்த வளைவின் நடுவைப் பார்ப்பவர் தாண்டிவிடுவார். திடீரென்று எதிரே வரும் தடையிலிருந்து விலகும் பயிற்சியும் இதே கதைதான். மனம் ஆபத்தை உற்றுப் பார்க்கச் சொல்கிறது, பார்த்த இடத்துக்கே கை ஸ்டீயரிங்கைக் கொண்டுபோகிறது.

வீட்டில் இதைப் பழக்க விலை உயர்ந்த எதுவும் வேண்டாம். தண்ணீர் நிரப்பிய 2 லிட்டர் குளிர்பான பாட்டில் ஐந்தை 15 மீட்டர் இடைவெளியில் நேர்கோட்டில் வையுங்கள். உரிமையாளரின் அனுமதி பெற்ற, ஆள் நடமாட்டமில்லாத, சமமான வெட்டவெளி வேண்டும். வேகம் 20 கி.மீ., பிறகு 25. அதற்கு மேல் தேவையில்லை. பாட்டில்களுக்கு இடையே வளைந்து போகும்போது, ஓட்டுபவர் தான் இப்போது எதைப் பார்க்கிறார் என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். “இரண்டாவது பாட்டில், இரண்டாவது பாட்டில்” என்று சொன்னால் தவறு. “இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே” என்று சொல்லத் தொடங்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கண் எங்கே இருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது, வாய் சொன்னால்தான் தெரியும். இந்த ஒரு பயிற்சிக்கு இரண்டு வாரம் செலவழித்தாலும் தகும்.

பிறகு தெருவுக்கு வந்தால் 12 நொடிக்குப் பிறகு கார் எங்கே இருக்குமோ அங்கே பார்க்கச் சொல்லுங்கள். 60 கி.மீ. வேகத்தில் அது 200 மீட்டர் தூரம். கண்ணாடிகளை 5 முதல் 8 நொடிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது கே53 முறை, அது தேர்வு நாளோடு தீர்ந்துபோகும் சடங்கு அல்ல. கைப்பேசியை மூன்றே நொடி பார்த்தால் அதே 60இல் 50 மீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததாகும்.

பக்கத்தில் உட்கார்ந்து கத்துவது

நிகழ்ச்சியில் ஓட்டுநரைக் கொண்டுவந்த உறவினரும் காரில் கூடவே இருப்பார். பல நேரங்களில் அவருடைய வாய்தான் பிரச்சினையைப் பெரிதாக்குவதைப் பார்க்கலாம். நம் வீடுகளிலும் அப்படியே. “பாரு, பாரு!” என்று மாமா கத்தினால், எதைப் பார்ப்பது என்று தெரியாமல் மருமகள் மாமாவின் முகத்தைப் பார்ப்பாள்.

சொல்ல வேண்டியதை 150 மீட்டருக்கு முன்பே சொல்லுங்கள். முதலில் இடம், பிறகு செயல்: “அடுத்த ரோபோவில் இடப்பக்கம் திரும்பணும்மா.” (இங்கே ரோபோ என்றால் சாலைச் சிக்னல்.) ஒரு நேரத்தில் ஒரு செயல் போதும். தவறு நடந்தால் வண்டி நின்ற பிறகு பேசுங்கள். ஓடும் காரில் பழைய தவறை விளக்கினால் அடுத்த தவறும் வந்து சேரும்.

இங்கே தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசும் குடும்பங்களில் ஒரு பொறி இருக்கிறது. ‘சரி’ என்ற பொருளில் ‘ரைட்’ என்று சொல்லும் பழக்கத்தைப் பயிற்சிக் காரில் அடியோடு விட்டுவிடுங்கள். “லெஃப்டில் திரும்பட்டுமா?” “ரைட்!” இந்த இரண்டு சொற்களிலேயே ஒரு விபத்துக்கு வழி இருக்கிறது.

ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுக்காதீர்கள். அவசரத்துக்கு உங்கள் கைக்கு எட்ட வேண்டியது ஹேண்ட் பிரேக். ஆகவே இரு இருக்கைகளுக்கும் நடுவில் ஹேண்ட் பிரேக் நெம்புகோல் உள்ள காரைப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுங்கள். ஒரு அமர்வு 40 நிமிடம் போதும். கோபம் வந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

பிரேக்கைத் தடவிக்கொடுப்பது

அவசரத்தில் பலரும் பிரேக்கைப் பாதிதான் மிதிக்கிறார்கள். முழுவதும் மிதிப்பது எப்படி இருக்கும் என்று அவர்கள் கால் ஒருமுறைகூட அறிந்ததில்லை. காய்ந்த தார்ப்பரப்பில், பின்னால் வண்டி இல்லாத இடத்தில், 40 கி.மீ. வேகத்திலிருந்து முழு பலத்தோடு மிதித்து நிற்கும்வரை காலை எடுக்காமல் பழக்குங்கள். கிளட்ச் இருந்தால் இரண்டையும் சேர்த்தே மிதிக்கலாம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள காரில் மிதி காலடியில் தடதடவென்று அதிரும். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. அந்த அதிர்வு ஏபிஎஸ் வேலை செய்வதன் அடையாளம், அப்போதும் ஸ்டீயரிங் கேட்கும். பின்னிருக்கையில் உள்ள பொருட்களை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து செய்தால் பிரேக் சூடேறும், நடுவே சில நிமிடம் சாதாரணமாக ஓட்டுங்கள்.

சிட்டி கோல்ஃப், டாஸ் போன்ற பழைய கார்கள் பலவற்றில் ஏபிஎஸ் கிடையாது. சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கினால் ஸ்டீயரிங்கைத் திருப்பியும் பயனில்லை. மிதியைச் சற்றே தளர்த்தி, சக்கரம் உருண்டதும் மறுபடி அழுத்த வேண்டும்.

60 கி.மீ. வேகத்தில், ஒன்றரை நொடி தாமதத்துக்கு 25 மீட்டர், பிரேக்குக்கு 20 மீட்டர், ஆக 45 மீட்டரில் நிற்கலாம். 120இல் ஏறக்குறைய 130 மீட்டர் ஆகும். வேகம் இரட்டித்தால் பிரேக் தூரம் நான்கு மடங்காகும் என்பதை ஓட்டுபவர் மனப்பாடமாக வைத்திருப்பதைவிட, பாட்டில்களை அடையாளமாக வைத்து 20இலும் 40இலும் தானே அளந்து பார்ப்பது பதியும்.

இதற்கு நேர்மாறானவர்களும் உண்டு, எப்போதும் முரட்டுத்தனமாக மிதிப்பவர்கள். நிகழ்ச்சியில் அவர்களுக்குக் காரின் கூரைமேல் தண்ணீர்த் தொட்டி வைப்பார்கள். திடுக்கென்று மிதித்தால் தண்ணீர் ஓட்டுபவர் மேலேயே கொட்டும். வீட்டில், இடப்பக்க முன்னிருக்கையின் கால்வைக்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பாத்திரத்தில் முக்கால்வாசி தண்ணீர் வைத்தால் போதும். உருளக்கூடிய எதையும் வைக்காதீர்கள், மிதிக்கு அடியில் போய்ச் சிக்கும்.

திரையில் கண்டதைத் திசை மாற்றாமல் பின்பற்றுவது

கனடாவில் வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடும், ஓட்டுநர் இடப்பக்கம் இருப்பார். தென்னாப்பிரிக்காவில் எல்லாமே எதிர்மாறு. நிகழ்ச்சியில் வலத்தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து ஓரம் கட்டுவதை இங்கே இடத்தோளுக்கு மேல் செய்ய வேண்டும். வலப்பக்கம் முந்தப் போகும்போது வலத்தோள் பார்வை. ஒழுங்கு மாறாது: உள் கண்ணாடி, பக்கக் கண்ணாடி, இண்டிகேட்டர், தோள்பார்வை, பிறகு நகர்வு. தோளைத் திருப்பும்போது ஸ்டீயரிங்கும் கூடவே திரும்புவது இயல்பான பிழை. கையை ஒன்பது மணி, மூன்று மணி நிலையில் வைத்து, கழுத்தை மட்டும் திருப்பி அரை நொடியில் திரும்ப வேண்டும். முதலில் நிற்கும் காரிலேயே இருபது முறை பழக்குங்கள்.

நிற்கும் இரண்டு கார்களுக்கு நடுவே இணைக்கோட்டில் நிறுத்துவதும் (பேரலல் பார்க்கிங்) இங்கே இடப்பக்க ஓரத்தில்தான். காரின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு இடம் தேவை. முன்னால் நிற்கும் காருக்கு இணையாக, முக்கால் மீட்டர் தள்ளி, பின்பம்பர்கள் நேராக வரும்படி நில்லுங்கள். சுற்றிலும் பார்த்த பிறகு ரிவர்ஸ், ஸ்டீயரிங் முழுவதும் இடம். பின்னால் நிற்கும் காரின் இரண்டு முன்விளக்குகளும் வலது கண்ணாடியில் தெரிந்ததும் ஸ்டீயரிங்கை நேராக்குங்கள். உங்கள் இடது முன்மூலை முன்காரைத் தாண்டியதும் முழுவதும் வலம். சக்கரம் சாலையோரக் கல்லைத் தொட்டால், பெரும்பாலும் நேராக்கத் தாமதித்திருப்பீர்கள்.

மழையையும் இறக்கத்தையும் விட்டுவிடுவது

நிகழ்ச்சியில் வழுக்கும் வளைவுக்குத் தனிப் பயிற்சி உண்டு. டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் பனி அரிது என்று அதை ஒதுக்கிவிட வேண்டாம். குளிர்காலம் முழுக்கக் காய்ந்த சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் முதல் மழையில் மிதக்கும், முதல் அரைமணி நேரம்தான் மிக வழுக்கல். இடைவெளி இரண்டு நொடி என்பது காய்ந்த சாலைக்கு. மழையில் குறைந்தது நான்கு நொடி வேண்டும். தேங்கிய நீரில் ஸ்டீயரிங் திடீரென லேசானால் பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள்.

பைன்டவுனின் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தின் அடியில் 2013 செப்டம்பரில் ஒரு கனரக லாரி மினிபஸ் டாக்சிகள்மீது மோதி 24 பேர் இறந்தார்கள். நீண்ட இறக்கத்தில் பிரேக்கின்மேலேயே கால் வைத்து இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும், இது காருக்கும் பொருந்தும். ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குவது பழைய, நல்ல வழக்கம். இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைக்க வேண்டும். ஈஸ்டர் விடுமுறையில் வான் ரீனன் கணவாய் வழியாக ஜோஹானஸ்பர்க் போகிறவர்கள் மூடுபனியில் நெடுந்தூர விளக்கைப் போடக் கூடாது, வெளிச்சம் பனியில் பட்டு முகத்திலேயே திரும்பி அடிக்கும். தாழ்விளக்கு மட்டும்.

கண் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது

உரிம அட்டையை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது பார்வை சோதிக்கப்படும். நடுவில் வளரும் கண்புரை அதற்காகக் காத்திருக்காது. மாலையில் மட்டும் இடிப்பவர், எதிரே வரும் விளக்கைக் கண்டு வேகத்தைச் சட்டென்று குறைப்பவர், ஒரே பக்கத்துக் கதவில் திரும்பத் திரும்பக் கீறல் வாங்குபவர், இவர்களுக்குப் பாட்டில் பயிற்சி தொடங்கும் முன்பே கண் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தூக்கம் வரவழைக்கும் மாத்திரை உண்டா என்றும் கேளுங்கள். தாத்தாவிடம் “இனி ஓட்டாதீங்க” என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முறியும். “தாத்தா, கண்ணைக் காட்டிட்டு வருவோம், நானும் கூட வர்றேன்” என்றால் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார்.